1927-ல் இருந்து ஓடும் மர ரோலர் கோஸ்டர்: தினமும் தண்டவாளத்தில் நடந்து பார்க்கும் ஊழியர்கள்

85 அடி உயரம். மணிக்கு 60 மைல் வேகம். ஓடுவதோ மரத் தண்டவாளத்தில்! அமெரிக்காவின் நியூயார்க் நகரில், கோனி ஐலண்டு கடற்கரையில் இருக்கும் 'சைக்ளோன்' ரோலர் கோஸ்டர்தான் அது. 1927-ம் ஆண்டு ஜூன் 26-ந்தேதி ஓடத் தொடங்கியது. இத்தனை வருஷமா மரம் எப்படித் தாங்குது? அதன் ரகசியம் வருமாறு:-

5 சென்ட் சவாரி

அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கு வழி காட்டியதே கோனி ஐலண்டுதான். 1884-ல் லாமார்கஸ் தாம்சன் என்பவர் இங்கே சறுக்கு ரெயில் விட்டார். வேகம் மணிக்கு 6 மைல்தான். கட்டணம் 5 சென்ட். அதற்கே கூட்டம் அலைமோதியது.

1920-ல் சுரங்க ரெயில் பாதை இந்தக் கடற்கரை வரை வந்தது. கூலி வேலைக்காரர்களும் குடும்பத்தோடு வந்து குவிந்தார்கள். அந்தக் கூட்டத்தை நம்பிக் கட்டப்பட்டதுதான் சைக்ளோன். முதலில் டிக்கெட் 25 சென்ட்.

பல வருஷமாக பேச்சு வராமல் இருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் 1948-ல் இதில் ஏறி அலறினாராம். இறங்கியதும் பேச்சு வந்துவிட்டது என்று ஒரு கதையும் உண்டு!

என்ஜின் கிடையாது

வண்டிக்கு என்ஜின் இல்லை. 24 பேரோடு வண்டியை சங்கிலி ஒன்று உச்சிக்கு இழுத்துப் போய் விடும். அதற்குப் பிறகு இறங்குகிற வேகத்திலேயே மற்ற மேடுகளையும் ஏறி இறங்கி வந்துவிடும். தண்டவாளம் சுமார் 800 மீட்டர் நீளம். சவாரி 2 நிமிடம்கூட கிடையாது.

வண்டி மேலே தூக்கி எறியப்படாதா? படாது. தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் இருக்கிறது. ஜான் மில்லர் என்பவர் 1919-ல் காப்புரிமை வாங்கிய இந்த ஏற்பாடுதான், செங்குத்தான சறுக்கல்களை சாத்தியமாக்கியது.

தினமும் நடை

சைக்ளோனைத் தாங்கும் சட்டம் இரும்பு. தண்டவாளம் மரம். பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முடுக்கி, சக்கரம் உருளும் இடத்தில் இரும்புப் பட்டை பதிப்பார்கள்.

மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி இறுகிக்கொள்ளும், வெயிலில் சுருங்கும் அல்லவா? அதே கதைதான் இங்கேயும். மரம் உப்பிச் சுருங்க, ஆணி மேலே வரும், போல்ட் லூஸ் ஆகும். உப்புக் காற்று இரும்பை அரிக்கும்.

அதனால்தான் மர ரோலர் கோஸ்டரில் தினமும் ஓட்டம் ஆரம்பிக்கும் முன்பு ஊழியர்கள் தண்டவாளம் முழுக்க நடந்தே பார்க்கிறார்கள். லூஸ் போல்ட்டை முடுக்குவது, உளுத்த பலகையைக் குறித்து வைப்பது, கிரீஸ் போடுவது எல்லாம் கை வேலை. பிறகு ஆள் இல்லாமல் வண்டியை ஓட்டிப் பார்த்த பின்தான் ஜனங்களை ஏற்றுவார்கள்.

குளிர்காலத்தில் சைக்ளோன் ஓடாது. பெரிய ரிப்பேர் அப்போதுதான். பழைய பலகையைப் பிரித்துப் புதுசு போடுவார்கள். மொத்தமாக மாற்றுவது கிடையாது. பகுதி பகுதியாகத்தான்.

இடிக்க நினைத்தார்கள்

1970-களில் சைக்ளோன் பாழடைந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த மீன் காட்சியகத்தை விரிவாக்க, இதை இடிக்கத் திட்டம் போட்டார்கள். ஜனங்கள் எதிர்ப்புக் குரல் கொடுத்தார்கள். அருகில் இருந்த 'ஆஸ்ட்ரோலேண்டு' பூங்காக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து, பழுது பார்த்து, 1975-ல் மறுபடியும் ஓடவிட்டார்கள். 1988-ல் நியூயார்க் நகரம் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 2008-ல் ஆஸ்ட்ரோலேண்டு மூடப்பட்டது. ஆனாலும் சைக்ளோன் நிற்கவில்லை.

நடுவழியில் நின்றது

2024 ஆகஸ்டு மாதம் வண்டி மேலே ஏறும்போது பாதியில் நின்றுவிட்டது. பயணிகள் பத்திரமாக இறக்கப்பட்டார்கள். சங்கிலியை இழுக்கும் பல்சக்கரத்தில் விரிசல் இருந்தது தெரியவந்தது. அது சரி செய்யப்பட்டு, அதிகாரிகள் சோதித்த பிறகே செப்டம்பரில் மறுபடி ஓடியது.

கோளாறு மரத்தில் இல்லை, இரும்பில்! மரமோ இரும்போ, பழசு என்பதால் மட்டும் ஆபத்து வராது. பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து. 2 நிமிட சவாரிக்குப் பின்னால் வருஷம் முழுக்க வேலை நடப்பது இதற்காகத்தான்.