கார்டு இருக்கிறது, கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை

சேலத்தில் அசெம்பிள் செய்து, கடையிலேயே ஒரு கேம் ஓட்டிப் பார்த்து, கார் டிக்கியில் ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுவரும் கம்ப்யூட்டர், வீட்டில் ஆன் செய்ததும் கிராபிக்ஸ் கார்டையே காட்டாமல் இருப்பதுண்டு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்படும் முன் வந்த வழியை யோசிக்க வேண்டும். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்றைய பெரிய கார்டுகள் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கின்றன. கேபினட் நிமிர்ந்து நின்றால் அந்தக் கனம் முழுவதும் ஒரு ஸ்லாட்டையும் பின்பக்கத்து ஓரிரு ஸ்க்ரூக்களையும் நம்பித் தொங்குகிறது. கேபினட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மதர்போர்டு கீழே, கார்டு அதன்மேல் செங்குத்தாக நிற்கிற மாதிரி எடுத்து வந்தால் பாதித் தொல்லை குறையும்.

‘டிடெக்ட் ஆகவில்லை’ என்றதும் பலரும் டிரைவரை அழித்துப் புதிதாகப் போடுவதில் இறங்கிவிடுகிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டிய இடம். கார்டை முதலில் தேடுவது விண்டோஸ் இல்லை, பயாஸ். பவர் பட்டனை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் மின்சாரம் சீராகிவிட்டது என்று சிக்னல் கொடுக்கிறது. மதர்போர்டு ஸ்லாட்டுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பை அனுப்பி, கார்டை ரீசெட் நிலையிலிருந்து விடுவிக்கிறது. இரண்டு பக்கமும் எதிரில் ஆள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் தொடர்பை ஏற்படுத்திக்கொள்கின்றன. எவ்வளவு புதிய கார்டானாலும் இந்தப் பேச்சு தொடங்குவது 2003-இல் வந்த முதல் பிசிஐ எக்ஸ்பிரஸின் வேகத்தில்தான். பிறகுதான் வேகம் கூடும்.

அடுத்தது ஏற்காட்டுப் பள்ளிகளில் காலையில் நடக்கும் வருகைப் பதிவு மாதிரி. ஒவ்வொரு இடத்தையும் கூப்பிட்டு ‘உன் கம்பெனி எண் என்ன?’ என்று பயாஸ் கேட்கிறது. ஏஎம்டி கார்டு 1002 என்கிறது. இன்டெல் 8086 என்கிறது. 1978-இல் வெளியிட்ட புராசசரின் எண்ணையே அந்தக் கம்பெனி தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. பதில் சொல்ல ஆளே இல்லையென்றால் பதினாறு பிட்டும் 1 ஆகத் திரும்பும். அதோடு பயாஸைப் பொறுத்தவரை அந்த ஸ்லாட் காலி. பயாஸ் காலி என்று விட்ட ஸ்லாட்டில் எந்த டிரைவரைப் போட்டும் பயனில்லை.

ஆகவே முதல் கேள்வி, கார்டு பெயர் கொடுத்ததா இல்லையா என்பதுதான். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு, ‘கோட் 43’ என்ற புகாரோடாவது கார்டு தெரிந்தால் அது ஆஜராகிவிட்டது. சிக்கல் டிரைவரிலோ கார்டின் உள்ளேயோ இருக்கிறது. அங்கேயும் இல்லை, பயாஸ் திரையிலும் இல்லை என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம். இதைப் பார்க்கவே டிஸ்ப்ளே வேண்டுமே என்றால், மானிட்டர் கேபிளை மதர்போர்டின் ஆன்போர்டு போர்ட்டுக்கு மாற்றுங்கள். பெயரின் கடைசியில் ‘எஃப்’ எழுத்துள்ள இன்டெல் புராசசர்களில் ஆன்போர்டு கிராபிக்ஸ் கிடையாது. அங்கே மதர்போர்டில் ‘விஜிஏ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எரியும் சின்ன விளக்கும் பீப் சத்தமும்தான் துணை.

மின்சாரத்தைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டியதை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கேபிள் தர வேண்டும்: 6 பின் என்றால் 75, 8 பின் என்றால் 150 வாட். ஃபேன் சுற்றுகிறதே என்று ஏமாறக் கூடாது. கேபிள் சரியாக மாட்டாமலும் ஃபேன் சுற்றலாம். 600 வாட் வரை தாங்கும் புதுவகை கனெக்டர் 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் உருகிய செய்திகள் வந்தபோது, முழுதாக அழுந்தாத கனெக்டர் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஏற்காட்டில் நான் அதிகம் சந்தேகப்படுவது கார்டின் விளிம்பைத்தான். கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பக்கத்துக்கு 82 வீதம் 164 தங்கநிறப் பட்டைகள். பதினொன்றுக்குப் பிறகு ஒரு வெட்டு. அந்தச் சின்னத் துண்டின் வழியாகத்தான் 12 வோல்ட் ஏறுகிறது. இரண்டு கோடிகளையும் உற்றுப் பார்த்தால் சில பட்டைகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கும். கார்டு இருக்கிறது என்று அறிவிக்கும் பட்டைகள் அவை. மற்றதெல்லாம் தொட்ட பிறகே அவை தொட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே குட்டையாக வைத்திருக்கிறார்கள். கார்டு ஒரு ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றாலும் தகராறு வர அதுவே போதும்.

தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் அந்தப் பூச்சு ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இருக்காது. அடியில் நிக்கலும் செம்பும். கீறல் வழியாகவும் நுண்துளை வழியாகவும் ஈரம் அங்கே போய்ச் சேர்கிறது, படிந்த தூசு அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும் ஊரில், துவைத்த துணி காய நாளாகும் ஊரில், இது சாதாரணம். தினமும் ஓடும் கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே தன்னை உலர வைத்துக்கொள்ளும். காபி எஸ்டேட் பங்களாவிலும் விடுமுறை வீட்டிலும் மாதம் ஒருமுறை ஆன் செய்யப்படும் கம்ப்யூட்டர்தான் மாட்டிக்கொள்கிறது. பயன்படுத்தாமல் வைத்தால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கை மலையில் எடுபடாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிடுங்கள். உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்குங்கள். ஸ்லாட்டின் கோடியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை விடுவிக்காமல் கார்டை இழுத்து அதை உடைத்தவர்கள் ஏராளம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் பட்டைகளைத் துடைத்தால் போதும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் மெக்கானிக்குகளின் பழைய கைவைத்தியம். மென்மையான ரப்பர், லேசான கை என்றால் அவசரத்துக்கு ஏற்கலாம். உப்புத்தாள் கூடவே கூடாது. ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தை அனுப்பும் வேலை. உலர்ந்தபின் ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்வரை இரண்டு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள்.

அப்போதும் வரவில்லையா? பயாஸை ஆரம்ப அமைப்புக்குக் கொண்டுவந்து, சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிப் பார்க்கலாம். கார்டை நீட்டிப்புக் கேபிளில் மாட்டியிருந்தால் கேபிளை நீக்கிவிட்டு நேராகச் செருகுங்கள். ஒரு ஸ்லாட் மட்டும் இரண்டாவது எஸ்எஸ்டி போட்ட பிறகு செத்திருந்தால் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். சில போர்டுகளில் இரண்டுக்கும் வழித்தடம் பொது.

கடைசிச் சோதனை, கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது. டிசம்பர் குளிரில் மலையிலிருந்து கீழே கொண்டுபோனால் உடனே ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் சமவெளிக் காற்றின் ஈரம் நீராகப் படியும். பெட்டியிலேயே வைத்துக் கொஞ்ச நேரம் குளிர் விடக் காத்திருங்கள். அங்கேயும் கார்டு பேசவில்லை என்றால் பழுது பெரும்பாலும் உள்ளே. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டுச் சிப்பின் இணைப்புகள் விரிசல் விடுவது புதிதல்ல. லேப்டாப் சிப்புகளில் இப்படிப்பட்ட கோளாறுக்காக 2008 ஜூலையில் என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சேலத்திலோ சென்னை ரிச்சி தெருவிலோ சிப்-லெவல் சர்வீஸ் பார்ப்பவர்கள் சூடான காற்றை ஊதி உயிர்ப்பித்துத் தருவார்கள். அது பல சமயம் சில வாரங்களே நிற்கும். வாரண்டி மிச்சமிருந்தால் அந்தச் சூட்டைக் காட்டுவதற்கு முன் பில்லைத் தேடி எடுங்கள்.