பினாயிலுக்கு அடங்காத பிரியான்!

மாட்டுக் கொட்டகையைக் கழுவி, வாளித் தண்ணீரில் இரண்டு மூடி பினாயில் ஊற்றித் தெளித்துவிட்டால் எல்லாக் கிருமியும் ஒழிந்துவிடும் என்று நம்புகிற கறவை மாட்டுக்காரர்கள் பாகூர், வில்லியனூர் பக்கம் நிறையப் பேர் உண்டு. ஆனால், கிருமிக்குத் தகுந்தபடி மருந்தும் மாறும். கோமாரி வைரஸ் சலவை சோடா கரைசலுக்கு அடங்கும். அடைப்பான் நோயின் வித்துகள் அதற்கு அடங்காது. அவற்றையும் மிஞ்சிய முரடன் ஒன்று உண்டு. அதுதான் பிரியான்.

பிரியான் என்பது பாக்டீரியாவோ வைரஸோ அல்ல. தவறாக மடங்கிப்போன வெறும் புரதம். மூளையில் உள்ள நல்ல புரதங்களையும் தன்னைப்போலவே மடங்க வைக்கும். நாளடைவில் மூளை பஞ்சுபோல ஓட்டையாகிவிடும். செம்மறி ஆட்டுக்கு வரும் ஸ்கிரேப்பி, மாட்டுக்கு வரும் 'மேட் கவ்' நோய் இரண்டுக்கும் இதுவே காரணம். சிகிச்சை கிடையாது.

ஃபார்மலின் தோற்ற கதை

1930-களில் ஸ்காட்லாந்தில் ஆட்டு மூளையிலிருந்து ஒரு தடுப்பூசி தயாரித்தார்கள். கிருமி சாக ஃபார்மலின் சேர்த்தார்கள். ஊசி போட்ட ஆடுகளில் ஏராளமானவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்கிரேப்பி வந்தது. வைரஸ் செத்தது, பிரியான் பிழைத்துக்கொண்டது. சாராயமும் இதை ஒன்றும் செய்யாது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

பிரியானைத் தட்டில் வளர்த்துப் பார்க்க முடியாது. நோயுற்ற மூளைக் கரைசலில் மெல்லிய எஃகுக் கம்பியைத் தோய்த்து, மருந்தில் ஊறவைத்து, சோதனை எலியின் மூளையில் பொருத்துவார்கள். எலிக்கு நோய் வருகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது, நல்ல புரதத்தோடு மாதிரியைக் கலந்து குலுக்கி, அது கெட்டுப்போகிறதா என்று சில நாள்களில் கண்டுபிடிக்கும் முறையும் வந்துவிட்டது.

இப்படித் தேறியவை சிலவே. 4 சதவிகித காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு மணி நேரம், அல்லது 2 சதவிகித குளோரின் உள்ள கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், வீட்டு பிளீச்சிங் திரவத்தை நீர் கலந்து பயன்படுத்தி, கம்பியில் ஒட்டிய மான் பிரியானை ஐந்தே நிமிடத்தில் செயலிழக்கச் செய்தனர். ஆனால், கெட்டியான சதைத் துண்டுக்குள் இருந்த பிரியானை அதனால் எட்ட முடியவில்லை.

நமக்கு என்ன பாடம்?

இமயமலை அடிவாரச் செம்மறி ஆடுகளில் ஸ்கிரேப்பி இருந்ததாக 1961-ல் பதிவாகியுள்ளது. மேட் கவ் நோயைப் பொறுத்தவரை, ஆபத்து மிகமிகக் குறைந்த நாடு என்ற தகுதியை உலக விலங்கு நல அமைப்பிடம் 2010-ல் இந்தியா பெற்றது. பிரிட்டனில் 1986-ல் கண்டறியப்பட்ட அந்த நோய், சுமார் 1,80,000 மாடுகளைத் தாக்கியது. இறைச்சி, எலும்புத் தூளைத் தீவனத்தில் கலந்து மாட்டுக்குக் கொடுத்ததே அது பரவக் காரணம். மருந்தால் கழுவ முடியாததைத் தீவனத் தொட்டியிலேயே தடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

* அசைபோடும் கால்நடைக்கு இறைச்சி, எலும்புத் தூள் கலந்த தீவனம் கூடாது. கோழித் தீவனத்தையும் மாட்டுக்குப் போடாதீர்கள். மூட்டையில் உள்ள விவரத்தைப் படித்து வாங்குங்கள்.

* முதலில் சாணம், கோமியத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டு, பிறகு மருந்து தெளியுங்கள். சாணத்தின் மேல் ஊற்றிய பிளீச்சிங் பவுடர் வீண்.

* கோமாரிக் காலத்தில் 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவை சோடா கரைத்துத் தெளிக்கலாம்.

* பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

* மாடு தள்ளாடினால், மிரண்டால், எச்சில் ஒழுகினால் வாய்க்குள் கைவிடாதீர்கள். நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெறிநோய். உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ தகவல் சொல்லுங்கள்.