மாடியில் ஒரு சதுப்புப் பாத்தி

பூச்சியுண்ணும் தாவரங்களை ஆவலுடன் வாங்குவோர் பலர், சில மாதங்களிலேயே அவற்றை இழந்துவிடுகின்றனர். கவனக்குறைவு இதற்குக் காரணமன்று. நாம் அன்புடன் இடும் எருவும் ஊற்றும் குழாய் நீருமே பெரும்பாலும் அவற்றைக் கொல்கின்றன. நைட்ரஜனும் பாஸ்பரசும் அரிதான சதுப்பு மண்ணில் பிறந்தவை இவை. அக்குறையை ஈடுசெய்யவே பூச்சிகளைப் பிடிக்கின்றன. இதனைச் சோதனைகளால் நிறுவிச் சார்லஸ் டார்வின் 1875இல் ஒரு நூலே எழுதினார். ஆகவே, செழிப்பான மண்ணும் உப்பு மிகுந்த கடின நீரும் இவற்றுக்கு நஞ்சாகின்றன.

தில்லி கோல் மார்க்கெட் பகுதியில் வெயில் படும் மாடி உள்ளவர்கள், உயர்த்திக் கட்டிய தனிப் பாத்தியில் இவற்றை வளர்க்கலாம். மண்ணையும் நீரையும் நம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க அதுவே எளிய வழி.

ஒரு மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழமுள்ள மரச்சட்டம் போதும். உட்புறம் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்ப வேண்டும். மேல்மண்ணுக்கு 8 செ.மீ. கீழே, பக்கவாட்டில் சில துளைகள் இடுவது இன்றியமையாதது. பெருமழையின் மிகுநீர் அவ்வழியே வெளியேறும். அடிமண்ணில் ஈரம் நிற்கும். மேலே நீர் தேங்காததால் கொசு முட்டையிட இடமிராது. நிரப்புவதற்கு எருவற்ற பீட் மாஸும், கழுவிய சிலிக்கா மணலும் சமபங்கு சேர்க்கலாம். கட்டுமான மணலில் சுண்ணாம்பு இருக்கக்கூடும், அதனைத் தவிர்க்க. நனைந்த பாத்தி 200 கிலோவுக்கு மேல் கனக்கும். எனவே மாடியின் தாங்குதிறனைப் பொறியாளரிடம் கேட்டறிந்து இடம் தேர்வது நன்று.

அடுத்தது நீர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் கிடைக்கும். 10 சதுர மீட்டர் மாடியில் 20 மி.மீ. மழை ஏறத்தாழ 200 லிட்டர் தரும். தில்லியில் பெரும்பகுதி மழை ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்துவிடுவதால், அப்போதே மூடியிட்ட பீப்பாயில் சேமிக்க வேண்டும். தூசு கலந்த முதல் மழையை விட்டுவிடுக. மழைநீர் தீர்ந்தபின் ஆர்.ஓ. நீர் உதவும், அதன் டி.டி.எஸ். 50க்குள் இருத்தல் நலம். ஆர்.ஓ. கருவியின் கழிவு நீர் உதவாது.

வட அமெரிக்கச் செடிகளான சரசீனியாவும் வீனஸ் ஈப்பொறியும் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று மாதக் குளிர் ஓய்வை வேண்டுபவை. சென்னையில் கிட்டாத அக்குளிரைத் தில்லியின் பனிக்காலம் இயல்பாகவே தருகிறது. இலை கருகுவது கண்டு செடி மடிந்ததென எறிந்துவிட வேண்டா. மே, ஜூன் மாதங்களின் அனற்காற்றுக்கு மட்டும் பிற்பகலில் நிழல்வலை தேவை. தமிழகத்தின் ஈரமணற் பகுதிகளிலும் காணப்படும் டிரோசீராவையும் இப்பாத்தியில் வளர்க்கலாம்.

மேகாலயத்தின் குடுவைச் செடியான நெப்பந்தஸ் காசியானா இப்பாத்திக்குரியதன்று. தேங்கிய ஈரம் அதன் வேருக்கு ஆகாது. மேலும், அருகிவரும் அச்செடி 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. எச்செடியாயினும், காட்டிலிருந்து பறித்ததை விலக்கி, நாற்றங்காலில் வளர்த்ததையே வாங்குவோம்.

பாத்தி அமைந்தபின் எரு இட வேண்டா. இறைச்சித் துண்டும் ஊட்ட வேண்டா. தூய நீரும் வெயிலும் இருந்தால், தனக்குரிய உணவைச் செடி தானே தேடிக்கொள்ளும்.