பேபி என்று ஒரு பெரியவர்

பிள்ளைகளே, கூடைப்பந்து என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ஏழடி உயர அமெரிக்க வீரர்கள்தானே? வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில், அதாவது பத்து அடியில் இருக்கிறது. நெட்டையானவர்களுக்கு அது வசதி. ஆனால் மக்கள் பொதுவாக உயரம் குறைந்தவர்களாக உள்ள ஒரு நாட்டில், கூடைப்பந்துதான் உயிர் என்றால் நம்புவீர்களா?

அந்த நாடு பிலிப்பைன்ஸ். உலக வரைபடத்தில் தென்சீனக் கடலுக்குக் கிழக்கே பொட்டுப் பொட்டாக, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் தெரிகின்றனவே, அதுதான். நம் ஊரில் சந்து கிடைத்தால் மூன்று குச்சியை நட்டுக் கிரிக்கெட் ஆடுகிறோம் அல்லவா? அங்கே ஒரு கம்பத்தில் பலகையும் வளையமும் அடித்துவிடுவார்கள். ரப்பர் செருப்போடு, வெறுங்காலோடு பையன்கள் ஆடிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஓர் ஆசிரியர் என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், பீச் பழக்கூடை இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடக் கைப்பிடியில் மாட்டி இதைத் தொடங்கினார். கூடைக்கு அடிப்பகுதி இருந்ததால், பந்து விழுந்தால் ஏறி எடுக்க வேண்டும்! அமெரிக்கர்கள் பிலிப்பைன்ஸை ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடங்கள் வழியாக ஆட்டம் அங்கே போய்ச் சேர்ந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸ் ஐந்தாம் இடம். 1954 உலகப் போட்டியில் மூன்றாம் இடம்! அதைவிட உயர்ந்த இடத்தை எந்த ஆசிய நாடும் உலகப் போட்டியில் பிடித்ததில்லை.

அந்த நாட்டில் மிகப் பெரிய பெயர் எடுத்த பயிற்சியாளர் ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். விர்ஜிலியோ டலுபன் என்பது அவர் பெயர். ஆனால் எல்லாரும் அழைத்தது 'பேபி' என்று! 1923 அக்டோபர் 19-ல் பிறந்தவரை, தலை நரைத்த பிறகும் நாடே பேபி டலுபன் என்றுதான் சொன்னது. மணிலாவில் உள்ள அட்டெனியோ கல்லூரியில் படித்தார்; கல்லூரி அணியிலும் ஆடினார்.

அவருடைய அப்பா பிரான்சிஸ்கோ டலுபன், 1946-ல், போர் முடிந்து மணிலா இடிந்து கிடந்த நேரத்தில், வாடகை அறையில் கணக்குத் தணிக்கைத் தேர்வுக்கு வகுப்பு நடத்தத் தொடங்கினார். அந்த வகுப்பு வளர்ந்து 'யுனிவர்சிட்டி ஆஃப் தி ஈஸ்ட்' என்ற பல்கலைக்கழகமே ஆகிவிட்டது. அதன் கூடைப்பந்து அணிக்கு 'ரெட் வாரியர்ஸ்' என்று பெயர், சிவப்புப் படை வீரர்கள். 1950-களில் பேபி அதன் பயிற்சியாளர் ஆனார்.

அப்பாவின் பல்கலைக்கழகம்தானே, வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். யாருடைய மகன் என்று விசாரித்துவிட்டா பந்து வளையத்துக்குள் விழுகிறது?

கல்லூரி அணிப் பயிற்சியாளருக்கு ஒரு சங்கடம் உண்டு. தொழில்முறை அணியில் நல்ல வீரர் கிடைத்தால் பத்து வருஷம் கூட வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் அது முடியாது. ஒரு பையனுக்குப் பந்தைத் தட்டச் சொல்லிக்கொடுத்து, கோபத்தை அடக்கச் சொல்லிக்கொடுத்து, நான்கு பேரோடு சேர்ந்து ஆடப் பழக்கி முடிக்கும்போது, அவன் பட்டம் வாங்கிக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அடுத்த பையன் வந்து நிற்பான், ஒன்றும் தெரியாமல். வகுப்பறையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன் என்பதால், ஒவ்வொரு ஜூன் மாதமும் வரும் அந்த அலுப்பும் ஆசையும் எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். பந்தைத் தொட முடியாது. கத்தலாம், ஆளை மாற்றலாம், இடைவேளை கேட்டு ஒரு நிமிடம் பேசலாம். அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தது பிள்ளைகளின் தலையில் ஏறியிருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட வேலையில், பேபியின் அணி 1965 முதல் 1971 வரை பல்கலைக்கழகங்களின் லீக்கில் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பட்டம் வென்றது! முதல் பட்டத்தை வென்ற பையன்களில் பெரும்பாலோர், ஏழாவது பட்டம் வரும்போது கல்லூரியை விட்டே போயிருப்பார்கள். ஆட்கள் மாறினார்கள், வெற்றி மாறவில்லை. அதனால்தான் அவருக்கு 'மேஸ்ட்ரோ' என்று பட்டப்பெயர் வந்தது. இசைக் குழுவை நடத்தும் மேதையை அப்படி அழைப்பார்கள். அவரும் கருவியைத் தொடுவதில்லை, பார்த்தீர்களா?

அந்த அணியில் ஆடிய மாணவர்களில் ஒருவர் ராபர்ட் ஜாவோர்ஸ்கி. முரட்டு ஆட்டக்காரர்; பின்னாளில் அந்நாட்டின் செனட் உறுப்பினராகவே ஆனவர். இவரால்தான் கதையில் ஒரு திருப்பம் வருகிறது.

கல்லூரி அணியோடு, கிரிஸ்பா என்ற துணி நிறுவனத்தின் அணிக்கும் பேபிதான் பயிற்சியாளர். 1975-ல் பிலிப்பைன்ஸில் பி.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் பிறந்தது. ஆசியாவிலேயே முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் அதுதான். கிரிஸ்பாவுக்கு அதில் வாய்த்த பரம எதிரி டொயோட்டா அணி. அந்த டொயோட்டாவின் பெரிய நட்சத்திரம் யார் தெரியுமா? ஜாவோர்ஸ்கிதான்! சொல்லிக்கொடுத்த வித்தை முழுவதும் எதிர்ப்பக்கம் வந்து நின்றது.

இந்த இரண்டு அணிகளுக்காகவும் வீட்டுக்கு வீடு சண்டை. அண்ணன் கிரிஸ்பா என்றால் தம்பி டொயோட்டா. 1977-ல் ஓர் ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் கைகலந்து, இரு அணிக்காரர்களையும் ராணுவ முகாமில் கொண்டுபோய் அடைக்கிற அளவுக்குப் போயிற்று. இது நல்ல பெருமை இல்லை, ஆனாலும் நடந்தது.

1976-ஆம் ஆண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்போது பி.பி.ஏ.வில் வருடத்துக்கு மூன்று பட்டங்கள். மூன்றையும் கிரிஸ்பா வென்றது. மூன்று இறுதிச் சுற்றிலும் தோற்றது டொயோட்டா. ஒரே வருடத்தில் மூன்றையும் அள்ளிய முதல் அணி கிரிஸ்பாதான். அதே ஆண்டில், தான் படித்த அட்டெனியோ கல்லூரியின் அணியையும் பேபி வெற்றி பெற வைத்தார். அங்கே அதற்கு முந்தைய வருடமும் பட்டம் அவருடைய அணிக்குத்தான். பெரியவர்களுக்கு ஒரு பாடம், பிள்ளைகளுக்கு ஒரு பாடம் என்று ஒரே நேரத்தில் இரண்டு 'வகுப்பு' எடுத்திருக்கிறார்!

அவர் கடைசியாக வாங்கிய பட்டத்தின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1990. பேபிக்கு வயது 67. இப்போது அவர் கையில் பியூர்ஃபுட்ஸ் அணி. இறுதிச் சுற்றில் ஐந்து ஆட்டங்கள். மூன்று ஜெயித்தவருக்குப் பட்டம். எதிரே அலாஸ்கா அணி. அதன் பயிற்சியாளர் டிம் கோன் என்ற இளைஞர். பேபியின் வயதில் பாதிதான் இருக்கும். முதல் இரண்டு ஆட்டங்களையும் அலாஸ்கா ஜெயித்துவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

மூன்றாவது ஆட்டம் பியூர்ஃபுட்ஸுக்கு. நான்காவதும் பியூர்ஃபுட்ஸுக்கு. ஐந்தாவதும்! பி.பி.ஏ.வில் பேபிக்கு அது 15-வது பட்டம். அந்த எண்ணிக்கையை எந்தப் பயிற்சியாளரும் தொட்டதில்லை.

அதன் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் அந்தச் சாதனை அசையவில்லை. 2013-ல் ஒருவர் 15-ஐத் தொட்டார். 2014-ல் 16-வது பட்டம் வென்று தாண்டினார். அவர் வேறு யாருமில்லை, 1990-ல் கையில் கிட்டிய பட்டத்தைப் பேபியிடம் பறிகொடுத்த அதே டிம் கோன். அவர் அப்போது நடத்திய அணியோ, பேபியின் பழைய பியூர்ஃபுட்ஸ்தான்; பெயர் மட்டும் மாறியிருந்தது!

அப்போது பேபிக்கு 90 வயது. 2016 ஆகஸ்ட் 17-ல் தன் 92-வது வயதில் காலமானார். பி.பி.ஏ.வில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்கு விளையாட்டுச் செய்தியாளர்கள் தரும் கோப்பைக்குப் பேபி டலுபன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதை டிம் கோனும் ஒரு முறைக்கு மேல் வாங்கியிருக்கிறார்.