விரலின் சுமை குரலுக்கு

உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பிவைத்து மணிக்கட்டைப் பாருங்கள். தோலுக்கு அடியில் குறுகலான ஒரு சந்து இருக்கிறது. கீழே சிறுசிறு எலும்புகள், மேலே இறுக்கிக் கட்டிய நார்ப்பட்டை. இடைப்பட்ட இடத்தில் விரல்களை மடக்கும் 9 தசைநாண்கள், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு ஒரு நரம்பு. நாண்களைச் சுற்றியுள்ள உறை கொஞ்சம் வீங்கினாலும் அந்த நரம்புதான் நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகும். நடுராத்திரியில் எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுண்டுவிரல் மட்டும் தப்பித்துவிடும். அதற்கு வேறு நரம்பு, வேறு வழி.

இதற்கான பழியை எல்லாம் கீபோர்டின் தலையில் போட முடியாது. சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, கர்ப்ப காலத்து நீர்க்கோவை என்று இதற்குக் காரணங்கள் பல. மரத்துப்போவது நீடித்தால் டாக்டரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஆனால், காரணம் எதுவாக இருந்தாலும் வலிக்கிற கைக்கு ஓய்வு வேண்டும். மாதக் கணக்கில் லீவு போட்டுவிட்டு உட்காரும் வசதி யாருக்கு இருக்கிறது? அந்த இடத்தில்தான் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் உள்ளே வருகிறது.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் சிவில் பட்டம் பெற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. ஆந்திரத்துக்காரரான ராஜ் ரெட்டி, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேச்சறியும் ஆராய்ச்சியை வளர்த்தவர். 1994-ல் டூரிங் விருது பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஜேம்ஸ் பேக்கர், 1970-களில் ஒரு புது வழியைப் பிடித்தார். மொழியின் இலக்கணத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்காமல், 'இந்த ஒலிக்குப் பிறகு இந்த ஒலி வர எவ்வளவு வாய்ப்பு' என்ற கணக்கை மட்டும் கொடுப்பது. அவரும் மனைவி ஜேனட்டும் சேர்ந்து 1982-ல் டிராகன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1990-ல் வந்த 'டிராகன் டிக்டேட்' மென்பொருளின் விலை சுமார் 9,000 டாலர். அன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு காரே வாங்கிவிடலாம்.

அந்த மென்பொருளில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு சொல், ஒரு நிறுத்தம். அடுத்த சொல், மறுபடி நிறுத்தம். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று இயந்திரத்துக்கு வேறு வழியில் தெரியாது. கை போன பிறகு இதுதான் கதி என்று வந்தவர்கள் நாள் முழுக்க இப்படியே பேசினார்கள். கை வலி குறைந்தது. குரல் கம்மியது. டைப் அடிக்க முடியாமல் பேச ஆரம்பித்துப் பேச்சும் போன கதைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ஏன் அப்படி? பேசும்போது குரல்நாண்கள் ஆண்களுக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல், பெண்களுக்குச் சுமார் இருநூறு தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. சாதாரணப் பேச்சில் சொற்கள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும். சுருதி ஏறும், இறங்கும். சொல்லுக்குச் சொல் நிறுத்தினால், ஒவ்வொரு தடவையும் நாண்கள் இறுக மூடி, வெடித்துத் திறக்கும். போதாததற்கு, மெஷினுக்குப் புரிய வேண்டுமே என்று ஒரே சுருதியில் ஒப்பிப்பார்கள். விரலை நோகடித்த அதே ஓயாத ஒற்றை அசைவு, தொண்டைக்கு இடம் மாறிவிட்டது.

1997-ல் அதே டிராகன் நிறுவனம் கொண்டுவந்த 'நேச்சுரலி ஸ்பீக்கிங்' சரளமாகப் பேச விட்டது. இன்றைய நரம்பு வலைப்பின்னல் மென்பொருள்கள், ஓடும் பேச்சையே விரும்புகின்றன. முன்னும் பின்னும் உள்ள சொற்கள்தான் அவற்றுக்குத் துப்பு. 'பள்ளி'யா 'பல்லி'யா என்பதை உங்கள் நாக்கு சொல்லாவிட்டாலும், 'பிள்ளைகள் போனார்கள்' என்ற தொடர் சொல்லிவிடும். ஆகவே, நிறுத்தி நிறுத்திப் பேசினால் தொண்டைக்கும் கேடு, கணிப்பும் தப்பும்.

புரோகிராம் எழுதுகிறவர்களின் பாடுதான் திண்டாட்டம். அடைப்புக்குறியையும் அரைப்புள்ளியையும் எப்படி வாயால் சொல்வது? 'டாலன்' என்ற மென்பொருள் இதற்கென்றே பேர்போனது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு சின்னச் சொல் உண்டு: ஏ-க்கு 'ஏர்', பி-க்கு 'பேட்', சி-க்கு 'கேப்'. பி, சி, டி, ஈ எல்லாம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் இந்த ஏற்பாடு. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது வேறு. கண் பார்க்கும் இடத்தைக் கருவி பின்தொடர, உதடுகளை 'ப்ப்' என்று சொடுக்கினால் மவுஸ் கிளிக் விழும். உதட்டுச் சொடுக்குக்குக் குரல்நாண் வேண்டியதில்லை. பழைய பாடத்தை யாரோ நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

தமிழில் பேசித் தட்டச்சு செய்யும் வசதியைக் கூகுள் 2017-ல் தன் ஜிபோர்ட் கீபோர்டு செயலியில் தந்தது. கூகுள் டாக்ஸிலும் உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ் என்பதால், 'வந்துக்கிட்டு இருந்தாங்க' என்று கொட்டிவிட்டுப் பிறகு திருத்துவதா, மேடையில் நிற்பதுபோல 'வந்துகொண்டிருந்தார்கள்' என்று சொல்வதா என்ற சங்கடம் எழுதுகிறவருக்கு உண்டு. மேடைத் தமிழை மணிக் கணக்கில் பேசினால் தொண்டை கட்டும். கொட்டிவிட்டுத் திருத்துவதே மேல் என்பேன். டாக்ஸில் தமிழ் நிறுத்தக்குறிகளை எப்படியும் கையால்தான் போட வேண்டும். திருத்தத்தோடு அதுவும் நடந்துவிடும்.

கடிதம், அறிக்கை, கட்டுரையின் முதல் வரைவு குரலுக்கு. வெட்டல், ஒட்டல், எண்கள், அட்டவணை கைக்கு. கை முழுக்கப் படுத்துவிட்டாலொழிய இப்படிப் பங்கு போடுவதுதான் நல்லது. மைக் வாயின் ஓரத்தில், விரலிடை தள்ளி இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் 'ப'வும் 'ட'வும் மூச்சாக அடித்து எழுத்தைக் கெடுக்கும். மைக் அருகில் இருந்தால் குரலை உயர்த்த வேண்டியதில்லை. பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். நாற்காலியில் கட்டிப்போட்டதுபோல உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். எழுந்து நடந்துகொண்டே சொல்லலாம். கழுத்துக்கும் முதுகுக்கும் கிடைக்கும் இந்த லாபத்தை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

நிஜமான இடைஞ்சல் ஆபீஸில்தான். வரிசையாக மேஜை போட்ட கூடத்தில் பக்கத்து சீட்காரர் காதில் விழக் கூடாதே என்று கிசுகிசுத்தால் குரல் கெடும், மென்பொருளும் தடுமாறும். உரக்கச் சொன்னால் சம்பள விவரம் மாடி முழுக்கக் கேட்கும். கை வலி என்று வரும் ஊழியருக்கு மென்பொருள் வாங்கிக் கொடுக்கும் நிறுவனம், கதவு வைத்த ஓர் அறையையும் ஒதுக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.