கட்டைக்கு இவ்வளவு என்று கூலி

விடிவதற்கு வெகுநேரம் முன்பே சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் கம்பெனி வண்டி வந்துவிடும். தூக்குச்சட்டியோடு ஏறும் பெண்களுக்கு நடுவே எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளும் தூக்கம் கலையாமல் நிற்பார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். 1980-களில் கரிசல் பூமியின் அன்றாட நடப்பு இது. 1983-ல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை, இப்படி உழைக்கும் குழந்தைகள் ஏறத்தாழ 45,000 பேர் என்று கணக்குச் சொன்னது.

பெரும்பாலானவர்கள் பெண்பிள்ளைகள். அண்ணனும் தம்பியும் பள்ளிக்கூடம் போக, அக்காவும் தங்கச்சியும் கட்டை அடுக்கப் போனார்கள். பள்ளம் வெட்டிய மெல்லிய சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசை பிடித்து வைக்க வேண்டும். அதன்மேல் அடுத்த சட்டம், அதிலும் குச்சிகள். கட்டை நிறைந்ததும் இறுக்கி, அப்படியே மருந்தில் முக்குவார்கள். ஒரு குச்சி ஏறி இறங்கி நின்றாலும் மருந்து சரியாகப் பிடிக்காது. நாள் முழுக்கக் குனிந்த முதுகு, சுற்றிலும் கந்தகமும் பொட்டாசியம் குளோரேட்டும். நிறைந்த கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சின்ன விரல்தான் இந்த வேலைக்கு வாகு என்று முதலாளிகள் சொல்லி வந்தார்கள். சின்ன விரலுக்குக் கூலியும் சின்னது என்பதைத் தவிர அதில் வேறு உண்மை எனக்குத் தெரியவில்லை.

மானாவாரி நிலம், பொய்த்த மழை, முன்பணமாக வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்துதான் பிள்ளைகளை வண்டி ஏற்றின. அரசின் கொள்கைக்கும் இதில் பங்குண்டு. இயந்திரத்தில் தயாரான தீப்பெட்டியைவிடக் கைத்தொழில் தீப்பெட்டிக்குக் கலால் வரி குறைவாக இருந்தது. அந்தச் சலுகையால் தொழில் சின்னச் சின்ன ஆபீஸ்களாகக் கிராமமெங்கும் பரவியது. கைகள் நிறையத் தேவைப்பட்டன. கிடைத்தவற்றில் மலிவான கை குழந்தையினுடையது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அபாயகரமான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை வட்டி குடும்பத்துக்கு. நான் இந்தத் தீர்ப்பை மதிப்பதற்குக் காரணம், பிள்ளை வேலையை விட்டு நின்றால் அந்த வீட்டு உலையில் என்ன வேகும் என்று அது கேட்டதுதான். ஆனால் 25,000 ரூபாய்க்கு வருடம் பத்து சதவீத வட்டி என்றாலும் மாதம் இருநூறு ரூபாய் சொச்சம்தான் வரும். அதை வைத்து எந்தக் கடனை அடைப்பது?

உலையில் என்ன வேகும் என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வங்கதேசம் காட்டியது. குழந்தை உழைப்பில் உருவான பொருட்களின் இறக்குமதியைத் தடுக்க அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் கொண்டுவந்த மசோதாவுக்குப் பயந்து, 1993-ல் ஆடைத் தொழிற்சாலைகள் பல்லாயிரம் பிள்ளைகளை வெளியே அனுப்பின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைக்கப் போனார்கள், வீட்டு வேலைக்குப் போனார்கள்; சிலர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டதை யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. 1995-ல் முதலாளிகள் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஒப்பந்தம் போட்டு, பள்ளியும் மாத உதவித்தொகையும் தந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் திரும்பியது.

உலகக் கணக்கும் நம்பிக்கை தருகிறது, கூடவே கோபமும் வருகிறது. 2000-ல் 24.6 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர்கள் 2024-ல் 13.8 கோடி. அதில் 5.4 கோடிப் பேர் அபாயகரமான வேலையில் இருக்கிறார்கள். ஐந்தில் மூன்று பேர் விவசாயத்தில். அந்த வயல்களுக்கு எந்த இன்ஸ்பெக்டர் போகிறார்?

சிவகாசிப் பகுதியில் இன்று விடியற்காலை வண்டியில் பழையபடி பிள்ளைகள் இல்லை. சத்துணவுக்கும் இயந்திரங்களுக்கும் படிக்க வைத்தே தீருவேன் என்று நின்ற தாய்மாருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் 2016-ல் திருத்திய சட்டமும், பள்ளி நேரம் போக, அபாயகரமல்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்கு வைத்திருக்கிறது. வீட்டில் பெட்டி ஒட்டும் அம்மாவுக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில் வந்தால், ராத்திரி ஒட்டிய பெட்டிகளில் எத்தனை அவள் ஒட்டியவை, எத்தனை மகள் ஒட்டியவை என்று எந்த அதிகாரியும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த விலக்கை எடுக்க வேண்டும். அதோடு, அம்மா ஒருத்தியின் கைவேலையிலேயே அடுப்பு எரியும் அளவுக்கு அந்தக் கூலியை உயர்த்த வேண்டும்.