உங்கள் விரலில் எத்தனை சக்கரம், தெரியுமா?

வலது கையை வெளிச்சத்தில் நீட்டி விரல் நுனிகளை உற்றுப் பாருங்கள். எதில் சங்கு, எதில் சக்கரம்? சின்ன வயதில் பாட்டி நம் விரலைப் பிடித்து எண்ணிய அதே சங்கு சக்கரம்தான்! பாட்டி எண்ணியது ராஜயோகம் உண்டா என்று பார்க்க. 1890களில் கல்கத்தாவில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் சக்கரங்களை எண்ணினார், குற்றவாளியை அடையாளம் காண. அவர் போட்ட கணக்கை லண்டன் ஸ்காட்லாந்து யார்டே ஏற்றுக்கொண்டது, தெரியுமா?

அவர் பெயர் காஸி அஸிஸுல் ஹக். குல்னா பக்கத்துக்காரர். பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர். வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றி, கணக்கில் புலியான ஓர் இளைஞர் வேண்டும் என்று கேட்டபோது கல்லூரி முதல்வர் கைகாட்டியது இவரைத்தான்.

ரேகை ஆளுக்கு ஆள் வேறு என்பது அதற்கு முன்பே தெரியும். உரித்து வைத்தாற்போல் இருக்கும் இரட்டையருக்குக்கூட ரேகை ஒன்றாக இருப்பதில்லை! தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. வயது ஏறினாலும் அதன் அமைப்பு மாறுவதில்லை. 1858-லேயே வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையையே மை தடவிப் பத்திரத்தில் பதிய வைத்திருந்தார். அப்புறம் என்னதான் சிக்கல்? ஆயிரக்கணக்கான ரேகை அட்டைகளுக்குள் ஒரே ஒரு அட்டையைத் தேடி எடுப்பதுதான்!

ஹக் செய்ததைப் பாருங்கள். வலது கட்டைவிரலில் தொடங்கி இடது சுண்டுவிரல் வரை பத்து விரல்களையும் ஐந்து ஜோடியாக்கினார். முதல் ஜோடியில் சக்கரம் இருந்தால் மதிப்பு 16. அடுத்தடுத்த ஜோடிகளுக்கு 8, 4, 2, 1. சக்கரம் இல்லாத விரலுக்குப் பூஜ்யம். ஜோடிகளின் இரண்டாவது விரல்களைக் கூட்டி மேலே எழுது. முதல் விரல்களைக் கூட்டிக் கீழே எழுது. இரண்டோடும் ஒன்று சேர். தீர்ந்தது! வலது கட்டைவிரல், வலது மோதிரவிரல் இரண்டில் மட்டும் சக்கரம் என்றால் 9/17. பத்திலும் சக்கரம் என்றால் 32/32. ஒன்றில்கூட இல்லையா? 1/1. மொத்தம் 32 வரிசை, வரிசைக்கு 32 மாடம்; ஆக 1,024 மாடங்கள். எந்த மனிதருடைய அட்டையும் இவற்றில் ஒன்றில்தான் இருந்தாக வேண்டும். கணினி என்ற பேச்சே இல்லாத காலம் அது! நேராக அந்த மாடத்துக்குப் போய்க் கையை விட்டால் போதும்.

கூடவே உழைத்தவர் ஹேம சந்திர போஸ். ரேகையைத் தந்தியில் அனுப்பவே ஒரு குறியீட்டு முறை கண்டுபிடித்தார்! படத்தை அனுப்ப வழியில்லாத நாளில் ரேகை தந்திக் கம்பியில் பயணம் போனது.

உலகின் முதல் விரல்ரேகை அலுவலகங்களில் ஒன்று 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. லண்டனுக்கு அது 1901-ல்தான் வந்தது!

அதே 1897-ல் ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையானார். பணம் களவு போயிருந்தது. அங்கே கிடந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின் நீல அட்டையில் பழுப்பாகக் கறை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், வலது கட்டைவிரல் ரேகை! முன்பு திருட்டு வழக்கில் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரர் ஒருவரின் ரேகையோடு அது அப்படியே பொருந்தியது. திருட்டுக் குற்றம் உறுதியானது. கொலையைக் கண்ணால் கண்ட சாட்சி இல்லாததால், கொலைக் குற்றத்துக்கு அந்த ரேகை மட்டும் போதாது என்று நீதிமன்றம் விட்டுவிட்டது.

இத்தனைக்கும் ஹக் கணக்குப் போட்ட அந்த முறைக்கு நிலைத்த பெயர் என்ன, தெரியுமா? 'ஹென்றி முறை'! தம் ஊழியர்களிலேயே அதிகம் பங்களித்தவர் ஹக்தான் என்று 1926-ல் ஹென்றியே கடிதத்தில் எழுதினார். பெயர் மட்டும் மாறவில்லை. டெல்லி ஆய்வாளர்கள் சோதியும் ஜஸ்ஜீத் கௌரும் பழைய ஆவணங்களைத் தோண்டியெடுத்து, 2005-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஹக், போஸ் இருவரின் உழைப்பை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். பொருள்களில் பதிந்து கண்ணுக்கு மறைந்திருக்கும் ரேகையை வெளிக்கொண்டுவரும் பொடிகளை ஆராய்ந்தவர்களும் இவர்களேதான். மறைந்துபோன பெயர்களையும் வெளிக்கொண்டுவந்துவிட்டார்கள்!

உங்கள் வீட்டுப் பிள்ளை தடயவியல் படித்தால், புத்தகத்தில் 'ஹென்றி முறை' என்று வரும் இடத்தில் பக்கத்திலேயே ஹக், போஸ் என்று பேனாவால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.